ஆறியபின் கேட்கும் சத்தம்

எங்கள் பெரியப்பா யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கை கொடுக்க மாட்டார், கை வைப்பார். வாசலில் நிற்கும் காரின் பானெட்டில். உள்ளங்கையை விரித்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோலத் தொட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். அதற்கப்புறம்தான் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பார். பழக்கம் முற்றிப்போய் இஸ்திரிப் பெட்டி, பழைய டிவியின் முதுகு, மூடி வைத்த லேப்டாப் எதையும் அவர் கை விட்டுவைப்பதில்லை. நாள் முழுக்கப் படித்தேன் என்று அம்மாவிடம் நான் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பெரியப்பா லேப்டாப்பின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா, சூடாத்தான் படிச்சிருக்கா," என்றார். அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு அவருக்கு 'பானெட்' என்று பெயர் வைத்தேன். அவர் எனக்கு ஏற்கெனவே 'வாலு' என்று வைத்திருந்ததால் கணக்கு நேராகிவிட்டது.

அவருக்கு வேலை ஒரு கண்ணாடிக் கடையில். முன்பக்கம் இருக்கும் பளபளப்பான கடையில் இல்லை. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன அறையில். டாக்டர் எழுதிக் கொடுத்த பவர்படி வரும் வட்டக் கண்ணாடிகளை, சட்டத்துக்குள் உட்காரும்படி விளிம்பு தேய்த்துக் கொடுப்பது. தேய்க்கும் கல் சுற்றும், அதன்மேல் தண்ணீர் சொட்டும், பெரியப்பா குனிந்திருப்பார். சுவரில் ஒரு சின்னத் துவாரம். அதன் வழியாக ஒரு தட்டு உள்ளே வரும், வெளியே போகும். தட்டோடு ஒரு கையும் வரும். அந்தக் கைக்குச் சொந்தக்காரி மாறி ரொம்ப நாள் கழித்துத்தான், நகத்தில் பூசியிருந்த நிறம் மாறியதை வைத்து, அவருக்கு விஷயம் தெரிந்ததாம். ஊரே தெளிவாகப் பார்க்கும்படி தேய்த்துக் கொடுக்கும் மனிதரை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஓர் ஆசை இருந்தது. ஒரே ஒரு வண்டிமேல். இரண்டு கதவு, ஆறு சிலிண்டர், தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பழைய கார். அவர் வாலிபத்தில் கொஞ்ச வருடங்கள் மட்டும் தயாரித்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். நின்றாலே ஓடுவதுபோல இருக்கும், அவ்வளவு ஒய்யாரம். ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் போகிறவர்கள் எல்லாம் நிற்பதுபோல இருக்குமாம். 'அந்த வண்டி' என்றால் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.

அந்த வண்டிக்குப் பிறவிக் குறைகள் உண்டு. அதைக் காதலிப்பவர்களுக்கெல்லாம் அவை மனப்பாடம். நான் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம்கூட இப்படிப் படித்ததில்லை. ஆனால் பெரியப்பா வாயால் கேட்டுக் கேட்டு இதைத் தூக்கத்திலும் சொல்வேன். இன்ஜினுக்குள் ஒரு செயின் ஓடுகிறது. அது தளராமல் இழுத்துப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கு. வயதானால் அந்தத் தாங்கு நொறுங்கும். மற்ற வண்டிகளில் செயின் முன்பக்கம் இருக்கும், கையை விட்டு மாற்றலாம். இந்த மகராசிக்கு மட்டும் பின்பக்கம், கியர் பெட்டியோடு ஒட்டிய இடத்தில். சின்னப் பிளாஸ்டிக் துண்டுக்காக இன்ஜினையே வெளியே தூக்க வேண்டும். முதுகில் அரிப்பு என்றால் முதுகெலும்பையே கழற்றுகிற வைத்தியம்.

இந்த நோயைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் எல்லாம் கீழே இறங்கியிருக்கும். சாவியைத் திருப்பிய அந்த முதல் மூச்சில், ஆயில் மேலே ஏறுவதற்குள், தளர்ந்த செயின் கரகரவென்று அடித்துக்கொள்ளும். அவ்வளவுதான். ஆயில் ஏறியதும் சத்தம் நின்றுவிடும். அப்புறம் நாள் முழுக்கக் காதை வைத்துக் கேட்டாலும் பட்டுப்போல ஓடும். விற்கிறவர்களுக்கும் இது தெரியும். அதனால் வாங்குகிறவர் வருவதற்கு முன் வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். அதற்குத்தான் பானெட்டில் கை.

போனில் பேசும்போதே பெரியப்பா சொல்லிவிடுவார்: "நான் வந்து தொடுற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க." பாதிப் பேர் ஏதோ கிறுக்கு என்று அங்கேயே போனை வைத்துவிடுவார்கள்.

பெரியம்மா இருந்தவரை இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம் அவர்கள் இருவருக்கும் சுற்றுலா மாதிரி. வீட்டில் பேசுகிற இலாகா முழுக்கப் பெரியம்மாவுடையது, கேட்கிற இலாகா பெரியப்பாவுடையது. போகிற இடத்திலும் அதேதான். பெரியம்மா விற்பவரைப் பேச்சில் பிடித்துக்கொள்வாள். "இந்தச் செடி எங்க வாங்கினீங்க? இவ்வளவு வெளிச்சமான வீட்டை விட்டுட்டுக் கார்ல போகவே மனசு வராதே!" என்று ஆரம்பித்தால், விற்பவர் தன் பிள்ளையின் பல்வலிவரை சொல்லி முடிப்பதற்குள் பெரியப்பா தொட வேண்டியதைத் தொட்டு, திறக்க வேண்டியதைத் திறந்து, முகர வேண்டியதை முகர்ந்திருப்பார். பிறகு இருவரும் பஸ்ஸில் ஊர் திரும்புவார்கள். எந்த வண்டியும் வாங்கியதில்லை. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று.

"குறையே இல்லாத வண்டிதான் வேணுமா பெரியப்பா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"குறையில்லாத பழைய வண்டின்னு ஒண்ணு கிடையாது வாலு. குறை தெரிஞ்சு வாங்கினா அது வண்டி. தெரியாம வாங்கினா வம்பு."

"அப்போ தெரிஞ்ச வண்டியை ஏன் வாங்கல?"

பெரியம்மா குறுக்கே வந்தாள். "வாங்கிட்டா அப்புறம் ஞாயித்துக்கிழமை நாங்க எங்கே போறதாம்?"

பெரியம்மா போன பிறகு அந்தப் பேசுகிற இலாகா காலியாகக் கிடந்தது. பெரியப்பாவுக்கு அதை நடத்தத் தெரியவில்லை. அவர்கள் மகள், அதாவது என் அக்கா, வேலை நிமித்தம் வேறு ஊரில். பெரியப்பா கீழ்த்தளத்து வீட்டில் தனியாக. அதற்கு நேர்மேலே நாங்கள். வண்டி பார்க்கப் போகும்போது விற்பவரைப் பேச்சில் பிடித்துவைக்கும் வேலை எனக்கு வந்தது. பொய் சொல்வதில் எனக்கு இருந்த தேர்ச்சி வேறு எந்தப் பாடத்திலும் இல்லை என்பதால் வீட்டில் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலை, சும்மா இருக்காமல், தோழியின் போனிலிருந்து பெரியப்பாவைக் கூப்பிட்டேன். குரலைக் கட்டையாக்கி, "சார், அந்த வண்டி ஒண்ணு விலைக்கு இருக்கு, ஆனா பானெட்டைத் தொடக் கூடாது, அதுக்குக் கூச்சம் ஜாஸ்தி," என்று சொல்வதாகத் திட்டம். மணி அடித்தது. எடுத்தார். ஹலோ வரவில்லை. முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு துருப்பிடித்த கதவைத் தள்ளியதுபோல ஒரு சத்தம். பிறகு ஒரு செருமல். அதற்கப்புறம்தான் "யாரு?" என்று ஒரு பாதி வார்த்தை. எனக்குத் திட்டம் மறந்துபோய்விட்டது. போனை வைத்துவிட்டுக் கீழே ஓடினேன்.

"பெரியப்பா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே... க்கும்... இருக்கேன். ஏன்?"

"குரல் ஒரு மாதிரி இருக்கே."

"அதுவா? நேத்து மத்தியானத்துலேருந்து யூஸ் பண்ணல, அதான்," என்றார், டார்ச் லைட் பாட்டரியைப் பற்றிச் சொல்வதுபோல. கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்ததும் குரல் சரியாகிவிட்டது. நானும் அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

அக்கா ஞாயிறு சாயங்காலம்தான் போன் செய்வாள். வண்டி பார்க்கப் போகாத ஞாயிறுகளில், அதற்குக் கொஞ்சம் முன்னால் பெரியப்பா மேலே எங்கள் வீட்டுக்கு வருவார். ஜன்னலோரம் இருக்கும் பிரம்பு நாற்காலியில் உட்காருவார். அம்மா டீ போடுவாள். அவர் மற்ற நாளில் பேசாத பேச்சையெல்லாம் அப்போது பேசுவார். மழை வருமா, குழாயில் ஏன் காற்று வருகிறது, பூனைக்கு மூக்குக்கண்ணாடி போட்டால் எந்த இடத்தில் நிற்கும். நான் சொல்லும் மட்டமான ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார். டீ முடிந்ததும், "சரி, புள்ளை கூப்பிடுவா," என்று எழுந்து போய்விடுவார். அம்மா போடும் டீக்காகத்தான் வருகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த டீயைக் குடித்தவர்கள் யாரும் அப்படி நினைக்க முடியாது. எனக்குத்தான் புத்தி தாமதம்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வண்டி விலைக்கு வந்தது. நீச்சல் வாத்தியார் ஒருவருடையது. இரண்டு பஸ் மாறிப் போனோம். அவர் வீட்டு வாசலில் துண்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வீடே குளோரின் வாசனை. மனிதர் கழுத்தில் விசில் தொங்கியது, ஞாயிற்றுக்கிழமையில்கூட. குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கத்திப் பழகிய தொண்டை. பக்கத்தில் நிற்கும் எங்களிடமும் அப்படியே பேசினார்.

"வாங்க சார்! வாம்மா! வண்டி சும்மா கிண்ணுனு இருக்கு!"

நான் என் வேலையை ஆரம்பிப்பதற்குள் பெரியப்பா பானெட்டில் கை வைத்துவிட்டார். கையை எடுக்கவில்லை. பிறகு மெதுவாக, "சார், இது சூடா இருக்கே," என்றார்.

"வெயில் சார்!"

"வண்டி நிழல்ல நிக்குது."

"நிழலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன் சார்!"

"எங்கேருந்து?"

வாத்தியார் வாசலைப் பார்த்தார், துண்டுகளைப் பார்த்தார். வண்டி வேறெங்கே நின்றிருக்க முடியும் என்று அவருக்கே புலப்படவில்லை போலிருக்கிறது. "அங்கேருந்து," என்று பொதுவாகத் தெருவைக் காட்டினார்.

வேறொருவராக இருந்தால் கிளம்பியிருப்பார்கள். பெரியப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஆறட்டும் சார். நாங்க இருக்கோம்," என்றார்.

"ஆறுறதுக்கு சாயங்காலம் ஆயிடுமே சார்!"

"பரவாயில்ல. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

எனக்கு அவசரம் இருந்தது. ஆனால் கேட்பாரில்லை. வாத்தியார் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். ஒரு இன்ஜின் ஆறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட மந்தமான வேலை உலகில் இருந்தால் சொல்லுங்கள். பெரியப்பா மட்டும் தியேட்டரில் இடம் கிடைத்தவர்போல உட்கார்ந்திருந்தார். போவதற்கு வேறு இடம் இல்லாதவர் அப்படித்தான் உட்காருவார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

நடுவில் ஒருமுறை ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளையாக, பாலாடை மாதிரி ஏதோ அப்பியிருந்தது. நான் படித்த பாடப்படி அது கெட்ட சகுனம். ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலோடு கலந்துவிட்டது என்று அர்த்தம்.

"போச்சு," என்றேன்.

"அவசரப்படாதே." தண்ணீர்த் தொட்டியை டார்ச் அடித்துப் பார்த்தார், விரல் விட்டு முகர்ந்தார். "தண்ணி சுத்தமா இருக்கு. இது வேற. சார், வண்டியை எங்கெல்லாம் ஓட்டுவீங்க?"

"வீட்டுலேருந்து குளம்! குளத்துலேருந்து வீடு!"

"குளம் எங்கே?"

வாத்தியார் விரல் நீட்டினார். தெருமுனையில் குளத்தின் மதில் தெரிந்தது. அங்கே போக அவர் ஆறு சிலிண்டர் வைத்திருந்தார்.

"நோய் இல்ல," என்றார் பெரியப்பா என்னிடம். "பக்கத்துலயே போயிட்டு வர்ற வண்டி. இன்ஜின் முழுசா சூடேறுறதே இல்ல. உள்ள ஈரம் தங்கிடுது. நெடுந்தூரம் ஒருதடவை போனா சரியாயிடும்."

மத்தியானம் வாத்தியாரே ரொட்டியும் முட்டையும் செய்து கொடுத்தார். வீட்டுக்காரி மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறாளாம். பேசிக்கொண்டே இருந்தார். டீ போட உள்ளே போன நேரத்தில் பெரியப்பா என் பக்கம் திரும்பினார்.

"வாலு, அக்காவுக்குப் புது வேலை வந்திருக்கு. கடல் தாண்டி, ரொம்ப தூரம். சில வருஷம் அங்கேயே இருக்கணும்."

"அட! சொல்லவே இல்ல?"

"இன்னும் பதில் சொல்லல அவ. நான் நல்லா இருந்தா போறாளாம், இல்லன்னா வேண்டாம்னு எழுதிடுவாளாம். நான் ஜம்முன்னு இருக்கேன்னு சொல்லியிருக்கேன். உன்னையும் கேப்பா. நீயும் அதைத்தான் சொல்லணும்."

"நீங்க ஜம்முன்னுதானே இருக்கீங்க?"

"அதான். சத்தியம் பண்ணு."

"கணக்குப் புத்தகம் மேல சத்தியமா..."

"நீ தொடாத பொருள்மேல சத்தியம் செல்லாது."

கடைசியில் என் சைக்கிள்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். அது எனக்கு உயிர் என்று அவருக்குத் தெரியும்.

வெயில் சாய்ந்ததும் எழுந்து பானெட்டில் கை வைத்தார். தலையாட்டினார். கண்ணாடிகளை இறக்கச் சொன்னார், விசிறியை நிறுத்தச் சொன்னார், என்னை மூச்சுகூட விடாதே என்றார். வாத்தியார் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

தகர டப்பாவுக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு கரகரப்பு, இன்ஜினின் பின்பக்கத்திலிருந்து. ஒரு மூச்சு நேரம். அப்புறம் ஒன்றுமில்லை. பட்டு.

"பாத்தீங்களா, நின்னுடுச்சு!" என்று வாத்தியார் கத்தினார்.

"சூடானா எல்லாம் நின்னுடும் சார்," என்றார் பெரியப்பா.

வாத்தியார் இன்ஜினை அணைத்தார். இறங்கி வந்து, முதல்முறையாக மெதுவான குரலில் பேசினார். "எனக்கும் தெரியும் சார். தினம் காலைல கேக்குறேனே. இதை வெச்சுக்கிட்டு எப்படி விக்கிறதுன்னுதான்... வர்றவங்க முன்னாடி அப்படிச் சத்தம் போட்டா கூச்சமா இருக்கு."

பெரியப்பா கோபப்படவில்லை. பானெட்டை மூடிவிட்டு, அதன்மேல் லேசாகத் தட்டினார். "வண்டிமேல தப்பில்ல சார். யோசிச்சுச் சொல்றேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். அக்கா கூப்பிடும் நேரம். நான் என் ஞாபகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சில சத்தங்களைக் கேட்டுக்கொண்டு வந்தேன். அன்றைக்கு என் குறும்பு போனில் வந்த அந்தத் துருக்கதவு. பிரம்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் வரும் செருமல். அப்புறம் மழை, குழாய், பூனை. விழுந்து விழுந்து சிரிப்பு. "சரி, புள்ளை கூப்பிடுவா."

அடப் பாவி மனிதரே. எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போயிருக்கிறார். இத்தனை மாதமும் அக்கா கேட்டது ஆறிய இன்ஜினை அல்ல.

அந்த வாரம் அக்கா எனக்குப் போன் செய்தாள். "உண்மையைச் சொல்லு. அப்பா எப்படி இருக்கார்?"

சைக்கிளை நினைத்துக்கொண்டேன். "ஜம்முன்னு இருக்கார்க்கா."

"நிஜமா?"

"நிஜமா. ஆனா ஒண்ணு. நீ எப்பவும் சாயங்காலம்தானே கூப்பிடுற? ஞாயித்துக்கிழமை காலைல கூப்பிட்டுப் பாரு. விடிஞ்சதும்."

"ஏன்?"

"சும்மாதான். ஆறியிருக்கும்."

பானெட்டைத் தொட்டுப் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவள் அவள். அதற்குமேல் நான் எதையும் விளக்கவில்லை. சத்தியம் சத்தியம்தான்.

ஞாயிறு விடிந்ததும் நான் கீழே இறங்கி, பெரியப்பா வீட்டு வாசல் படியில் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் வீட்டு வரலாற்றில் ஞாயிற்றுக்கிழமை நான் அந்நேரத்துக்கு எழுந்தது கிடையாது. உள்ளே போன் அடித்தது. செருப்பில்லாத கால்கள் அவசரமாக நடந்தன. தேய்க்கும் கல்லின் இரைச்சலிலேயே இருந்து, போனில் வரும் சன்னக் குரல் பிடிபடாததால் அவர் எப்போதும் போனை ஸ்பீக்கரில்தான் வைப்பார். எல்லாம் கேட்டது.

முதலில் காற்று. பிறகு கரகரப்பு.

"அப்பா?"

"எ... க்கும்... என்னம்மா? என்ன ஆச்சு? இந்நேரத்துல?"

"எனக்கு ஒண்ணுமில்லப்பா. உங்க குரல் ஏன் இப்படி இருக்கு?"

"சளி."

"மருந்து சாப்பிட்டீங்களா?"

"ம்."

"என்ன மருந்து?"

பொய் சொல்வது எளிது. அடுத்த கேள்விக்குப் பொய் சொல்வதற்குத்தான் பயிற்சி வேண்டும். பெரியப்பாவுக்கு அது இல்லை.

"அப்பா, நேத்து யார்கூடப் பேசினீங்க?"

"கடையில..."

"கடை மத்தியானமே மூடியிருப்பாங்க. அதுக்கப்புறம்?"

உள்ளே ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.

"மாடிப்படியில பூனை இருந்துது. அதுகிட்ட ஒரு வார்த்தை சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"நகருன்னு."

அக்கா சிரித்தாள். அது சிரிப்பு மாதிரி ஆரம்பித்து வேறு ஏதோவாக முடிந்தது. "அப்போ ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் கேக்குற குரல்? அவ்வளவு கலகலன்னு?"

நான் படியில் இருந்த ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு எங்கோ போக வேண்டியிருந்தது.

"மேல போய்க் கொஞ்ச நேரம் ஓட்டிட்டு வருவேன்," என்றார்.

"ஆள் வர்றதுக்கு முன்னாடி வண்டியைச் சூடு பண்ணி வெக்கிறவனை நீங்க என்ன சொல்லித் திட்டுவீங்க?"

"திருடன்."

"ம்."

"நீ போம்மா. என்னைக் காரணமா வெச்சு நின்னுடாதே. அதை என்னால தாங்க முடியாது. இந்தச் சத்தத்தைத் தாங்கிக்கலாம், அதைத் தாங்க முடியாது."

"போறேன்ப்பா." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஆனா தெரிஞ்சு போறேன். இனிமே சாயங்காலம் வேண்டாம். அங்கே எனக்கு எந்த நேரமா இருந்தாலும் சரி, உங்களுக்கு விடிஞ்சதும் நான்தான் கூப்பிடுவேன், தினமும். செருமாம எடுங்க. கரகரன்னு வந்தா வரட்டும்."

கதவு திறந்தது. பெரியப்பா நின்றார். கண்கள் சிவந்திருந்தன. படியில் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை.

"சைக்கிள்மேல சத்தியம் பண்ணினியே?"

"நான் ஒண்ணும் சொல்லல. காலைல கூப்பிடுன்னு மட்டும்தான் சொன்னேன். வேணும்னா சைக்கிளைக் கேளுங்க."

அவர் என் உச்சந்தலையில் உள்ளங்கையை விரித்து வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"சூடா இருக்கே," என்றார். "ரொம்ப நேரமா ஓடிக்கிட்டிருக்கே போல." கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா கடல் தாண்டிப் போய்விட்டாள். தினமும் விடியும்போது கீழ்வீட்டில் போன் அடிக்கிறது. அந்தச் சத்தத்தில் எனக்கும் விழிப்பு வந்துவிடுகிறது, இது நான் எதிர்பாராத தண்டனை. தரை வழியாகக் கேட்கும். முதலில் கரகரப்பு, பிறகு பேச்சு, பிறகு எப்போதாவது ஒரு சிரிப்பு. என்னவென்று தெரியாது. எனக்குச் சொல்லப்பட்ட ஜோக் இல்லை அது.

அந்த வண்டியைப் பெரியப்பா வாங்கிவிட்டார். ஆமாம், நீச்சல் வாத்தியாருடையதைத்தான், கரகரப்போடு சேர்த்து. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. வாத்தியார் வீட்டுக் கொட்டகையிலேயே வைத்து, இரண்டு பேருமாகச் சங்கிலி போட்டு இன்ஜினை வெளியே தூக்கியிருக்கிறார்கள். ஞாயிறு என்றால் அங்கேதான். போனில் கூப்பிட்டால் பின்னால் வாத்தியார் கத்துவது கேட்கிறது: "சார்! அந்த ஸ்பேனர்! அது இல்ல சார்! அது!" பேசுகிற இலாகாவுக்குச் சரியான ஆள் கிடைத்துவிட்டார். விற்றவரே பேச்சைப் பிடித்துக்கொண்ட பிறகு நான் எதற்கு?

அதனால் இப்போதெல்லாம் ஞாயிறு சாயங்காலம் பெரியப்பா மேலே வருவதில்லை. வரத் தேவையில்லை அல்லவா. நான்தானே அந்த ஏற்பாட்டைச் செய்தேன். அம்மா பழக்கதோஷத்தில் ஒரு டீ அதிகமாகப் போட்டுவிட்டு, "யாருக்குப் போட்டேன்?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொள்கிறாள். பூனைக்கு மூக்குக்கண்ணாடி எந்த இடத்தில் நிற்கும் என்று நான் ஒரு நல்ல பதில் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

போன ஞாயிறு ஜன்னலோரம் போய் அந்தப் பிரம்பு நாற்காலியில் கை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையை விரித்து, அவர் வைப்பதுபோல.

ஆறியிருந்தது.

"அம்மா" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். முதலில் காற்றுதான் வந்தது.